வலி முழங்கையில், வேலை மணிக்கட்டில்

தீபாவளி முடிந்து பத்தாம் நாள் காலை. குளிர்பதனப் பெட்டியைத் திறந்து, இரண்டு லிட்டர் பால் கலனின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினேன். விரல்கள் இறுகிய அதே நொடியில் வலது முழங்கையின் வெளிப்புறத்தில் ஆணி இறங்கியதுபோல் ஒரு வலி. விரல்கள் தாமாகவே விட்டுவிட்டன. சமையலறைத் தரை முழுவதும் பால். சத்தம் கேட்டு மாமியார் வந்தபோது, நான் தரை துடைக்கும் துணியைப் பிழிய முயன்று தோற்றுப்போய் நின்றிருந்தேன். பிழியும் திருகலில் வலி இன்னும் கூர்மையாக வந்தது.

எனக்கு அப்போது 47 வயது. சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் கணக்கு எழுத்தர் வேலை. வீடு தோ பாயோவில், பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டடம் ஒன்றின் ஒன்பதாம் மாடி. நான் எங்கும் விழவில்லை, எதிலும் மோதிக்கொள்ளவில்லை. வயதாகிறது, இனி இப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். அந்த எண்ணத்தில் நான்கு மாதங்கள் போயின. அந்த நான்கு மாதங்களில் நான் செய்தவற்றில் பாதி பயனற்றவை, ஒன்று தீங்கானது. என் அண்ணனுக்கு நடந்தது அதைவிடப் பெரிது. அதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், அந்தத் தீபாவளிக்கு முன்னால் என் கை என்ன செய்துகொண்டிருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 2023இல் தீபாவளி நவம்பர் 12ஆம் தேதி வந்தது. அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் உறவினர்கள், அலுவலகத் தோழிகள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் முறுக்குச் சுட்டுக் கொடுத்தேன். பன்னிரண்டு கிலோ மாவு. எங்களிடம் இருப்பது அம்மா கொடுத்த பித்தளை அச்சு. மேலே உள்ள கைப்பிடியைத் திருகினால் மாவு கீழே இறங்கும். எண்ணெய் குடிக்கக் கூடாது என்று மாவைக் கெட்டியாகப் பிசைந்திருந்தேன். கெட்டி மாவு இறங்க வேண்டுமென்றால் இடது கையால் அச்சை இறுகப் பிடித்து, வலது கையால் முழு பலத்தையும் போட்டுத் திருக வேண்டும். வேலை முடிந்து வந்து, இரவு எட்டு மணியிலிருந்து பதினொரு மணி வரை அதைச் செய்தேன்.

அதோடு துணி. எங்கள் கட்டடத்தில் சமையலறைச் சன்னலுக்கு வெளியே சுவரில் இரும்புக் குழாய்கள் பதித்திருக்கும். துணிகளை மூங்கில் கழியில் கோத்து, கழியைச் சன்னலுக்கு வெளியே நீட்டி, அதன் அடிப்பகுதியை அந்தக் குழாயில் சொருக வேண்டும். சிங்கப்பூரில் பழைய வீடுகளில் வளர்ந்த எவருக்கும் இது கைவந்த வேலை. நானும் பன்னிரண்டு வயதிலிருந்து செய்கிறேன். ஆனால் அந்தத் தீபாவளிக்குத் திரைச்சீலைகள், படுக்கை விரிப்புகள், சோபா உறைகள் எல்லாவற்றையும் துவைத்தேன். ஈரம் சொட்டும் கனத்த திரைச்சீலை கோத்த கழியை, கையை நேராக நீட்டி, உள்ளங்கை கீழே பார்த்தபடி பிடித்துக்கொண்டு, குழாயின் வாயைத் தேடிச் சொருகும் அந்த ஐந்தாறு நொடிகளை எண்ணிப் பாருங்கள். பாரமெல்லாம் கழியின் மறுமுனையில் இருக்கிறது. அதைத் தாங்கி நிற்பது மணிக்கட்டு.

அப்போது எதுவும் வலிக்கவில்லை. அதனால்தான் பால் சிந்திய காலையில் காரணம் எனக்குப் பிடிபடவில்லை.

வலி வந்ததும் வீட்டு வைத்தியம் தொடங்கியது. மாமியார் கோடாலித் தைலத்தைத் தேய்த்துச் சூடு பறக்க உருவிவிட்டார். அவர் அன்போடு செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சூட்டில் வலி அரைமணி நேரம் மறந்திருக்கும், அவ்வளவே. ஆனால் எலும்பு முனையின்மேல் கட்டைவிரலை ஊன்றி அழுத்தித் தேய்த்த நாள்களில் மறுநாள் காலை வலி கூடியிருந்தது. பிறகு மீள்துணிக் கட்டுப் போட்டு, மூன்று வாரம் வலது கையை அசைக்காமல் வைத்திருந்தேன். வலி குறைந்தது. கட்டை அவிழ்த்து வேலைக்குத் திரும்பிய நான்காம் நாள், சாவியைத் திருகும்போது மறுபடி அதே ஆணி.

2024 ஜனவரியில் ஒரு தனியார் மருந்தகத்துக்கு (கிளினிக்) போனேன். வலிக்கும் இடத்தைத் தொட்டுப் பார்த்த உடனேயே ஸ்டீராய்டு ஊசி போட்டுவிடலாம் என்றார்கள். ஊசி போட்டால் சரியாகிவிடும் என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு நீரிழிவு இருப்பதை அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஊசி போட்டு மூன்றாம் நாள் வலி மாயமாக மறைந்தது. ஆனால் வழக்கமாக 7 மில்லிமோலை (mmol/L) ஒட்டி இருக்கும் என் காலைச் சர்க்கரை அளவு அந்த வாரம் 12ஐத் தாண்டியது. மூட்டுப் பகுதியில் போடும் ஸ்டீராய்டு ஊசியும் சில நாள்களுக்குச் சர்க்கரையை ஏற்றும் என்பது எனக்கு அப்போது தெரியாது. நீரிழிவு உள்ளவர்கள் ஊசிக்கு ஒப்புக்கொள்ளும் முன் அதைச் சொல்லிவிட வேண்டும்.

வலி போய்விட்டது என்ற மகிழ்ச்சியில் எல்லா வேலையையும் பழையபடி செய்தேன். கழியையும் தூக்கினேன். ஏழாம் வாரம் வலி திரும்பியது. இந்த முறை காபிக் குவளையைக்கூடத் தூக்க முடியவில்லை.

இது என் துரதிர்ஷ்டம் மட்டுமல்ல என்று பின்னால் படித்தபோதுதான் தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் 198 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து ஓர் ஆய்வு நடத்தி, 2006இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு ஊசி, ஒரு பிரிவினருக்கு இயன்முறைச் சிகிச்சை (பிசியோதெரபி), ஒரு பிரிவினருக்கு வெறும் அறிவுரையும் காத்திருப்பும். ஆறாம் வாரத்தில் ஊசி போட்டவர்களே முன்னணியில் இருந்தார்கள். ஆனால் அவர்களில் 100க்கு 72 பேருக்கு வலி திரும்பியது. ஆண்டு முடிவில் ஊசி போட்டவர்களே பின்தங்கியிருந்தார்கள். இயன்முறைச் சிகிச்சை பெற்றவர்களும் வெறுமனே காத்திருந்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு நலமாக இருந்தார்கள். ஊசியே கூடாது என்று நான் சொல்லவில்லை, சிலருக்கு அது தேவைப்படலாம். ஆனால் இந்தக் கணக்கை நோயாளியிடம் சொல்லிவிட்டுப் போட வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை.

மார்ச் மாதம் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போனேன். அங்கிருந்த மருத்துவர் இளையவர், பொறுமையானவர். முதலில் அவர் என் கையைத் தொடவே இல்லை, கேள்விகளாகக் கேட்டார். எங்கே வலிக்கிறது, ஒரே ஒரு விரலால் காட்டுங்கள் என்றார். முழங்கையின் வெளிப்புறத்தில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முனையைக் காட்டினேன். விழுந்தீர்களா? விரல்கள் மரத்துப்போகின்றனவா? எந்த விரல்? கழுத்து வலி உண்டா? காய்ச்சல் உண்டா? முழங்கையை முழுவதும் நீட்டவும் மடக்கவும் முடிகிறதா? பிறகு கையை நேராக நீட்டி, விரல்களை இறுக மூடி, மணிக்கட்டை மேலே தூக்கச் சொன்னார். அவர் என் கையைக் கீழே அழுத்த, நான் எதிர்த்தேன். ஆணி இறங்கியது. விரல்களை நீட்டச் சொல்லி, நடுவிரலை மட்டும் கீழே அழுத்தினார். அதே இடத்தில், அதே வலி.

“டென்னிஸ் முழங்கை” என்றார். நான் டென்னிஸ் ஆடியதே இல்லை என்றேன். இந்த வலி வருபவர்களில் பெரும்பாலோர் ஆடியதில்லை என்றார். 35 முதல் 55 வயதுக்குள் அதிகம் வருமாம். எக்ஸ்ரே தேவையில்லை என்று சொல்லி, இயன்முறைச் சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தார்.

எனக்குக் கண் திறந்தது இயன்முறைச் சிகிச்சையாளரிடம்தான். அவர் ஒரு சீன இளம்பெண். “ஆன்டி, உங்கள் இடது கையால் வலது முன்கையின் மேற்புறத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது வலது கை விரல்களை இறுக மூடுங்கள்” என்றார். மூடினேன். முழங்கைக்குச் சற்றுக் கீழே, முன்கையின் முதுகுப் பக்கத்தில், ஒரு தசை கயிறுபோல் விறைத்து எழுந்தது. இதைப் படிப்பவர்களும் ஒருமுறை செய்து பாருங்கள். விரல்களை மூடுவது முன்கையின் உள்பக்கத் தசைகள். ஆனால் அவை மட்டும் இழுத்தால் மணிக்கட்டு உள்ளே மடங்கிப்போகும். அது மடங்காமல் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பவை வெளிப்பக்கத் தசைகள். அவை எல்லாம் ஒன்றுகூடி, தடித்த தசைநாணாக (தசையை எலும்போடு இணைக்கும் நார்), முழங்கையின் வெளி எலும்பு முனையில் போய்ப் பொருந்துகின்றன. நாம் எதை இறுகப் பிடித்தாலும், அது பால் கலனோ முறுக்கு அச்சோ மூங்கில் கழியோ, இழுபடுவது அந்த ஒரு முனைதான்.

வலி முழங்கையில் இருந்தாலும் முழங்கை எந்தக் குற்றமும் செய்யவில்லை. வேலை முழுவதும் மணிக்கட்டிலும் விரல்களிலும் நடக்கிறது. நான் நான்கு மாதங்களாக முழங்கையைக் கட்டி, முழங்கையைத் தேய்த்து, முழங்கையை மடக்காமல் காத்துவந்தேன். வேலை செய்யும் மணிக்கட்டைப் பற்றி ஒரு நாள்கூட நினைக்கவில்லை.

அவர் சொன்ன இன்னொன்றும் எனக்குப் புதியது. நான் வீக்கம் என்று நினைத்தேன். நாள்பட்ட நிலையில் இது வீக்கத்தைவிடத் தேய்மானத்துக்குத்தான் நெருங்கியது. தசைநாணின் இழைகள் பாரத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் தாறுமாறாகிப்போகின்றன. அதனால் ஓய்வு மட்டும் போதாது. ஓய்வில் வலி அடங்கும், ஆனால் நாண் பலம் பெறாது. மறுபடி வேலைக்குப் போனால் மறுபடி வலிக்கும். சிறிய பாரத்தை மெதுவாக, வாரக்கணக்கில் கொடுத்து நாணைப் பழக்க வேண்டும்.

பயிற்சி எளிமையானது. முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே விட வேண்டும், உள்ளங்கை கீழே பார்க்கட்டும். இடது கையால் வலது கையின் முதுகை அழுத்த வேண்டும், வலது கை அசையாமல் எதிர்த்து நிற்க வேண்டும். 45 வினாடி, ஐந்து முறை. முதல் இரண்டு வாரம் இது மட்டும்தான். பிறகு 500 மில்லி தண்ணீர் பாட்டில். அரை கிலோ என்பதால் கணக்குச் சுலபம். மணிக்கட்டை மேலே தூக்க இடது கை உதவும், கீழே இறக்குவதை வலது கை மட்டும் செய்யும், நான்கு எண்ணும் வரை மெதுவாக. பதினைந்து முறை, மூன்று சுற்று. ஒரு மாதம் கழித்து ஒரு கிலோ, அதன் பிறகு ஒன்றரை.

வலித்தால் நிறுத்த வேண்டுமா என்று கேட்டேன். பத்துக்கு மூன்று, நான்கு அளவு வலி இருந்தால் பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் அது அடங்கிவிட வேண்டும் என்றார். அடங்காவிட்டால் பாரத்தைக் குறைக்க வேண்டும், ஆனால் விட்டுவிடக் கூடாது. இந்த ஒரு விதி எனக்குப் பெரிய தைரியம் தந்தது. அதுவரை சிறு வலி வந்தாலும் ஏதோ அறுந்துவிட்டது என்று பயந்துகொண்டிருந்தேன்.

முன்கையில் கட்டும் பட்டை ஒன்றும் கொடுத்தார். அதை நேராக வலிக்கும் எலும்பின்மேல் கட்டுவார்கள் பலர். அப்படிக் கட்டக் கூடாது. எலும்பு முனையிலிருந்து இரண்டு விரல் அகலம் கீழே, தசை தடித்திருக்கும் இடத்தில் கட்ட வேண்டும். இழுப்பு எலும்புவரை போகாமல் பட்டை அங்கேயே ஓரளவு தாங்கிக்கொள்ளும். வேலை செய்யும்போது மட்டும் போதும், தூங்கும்போது கழற்றிவிட வேண்டும்.

இனி வீட்டில் நான் மாற்றியவை. இவற்றில்தான் எனக்குப் பாதிக் குணம் கிடைத்தது என்று நம்புகிறேன்.

உள்ளங்கை கீழே பார்க்கத் தூக்கினால் பாரம் வெளிப்பக்கத் தசையில் விழுகிறது. உள்ளங்கை மேலே பார்க்கத் தூக்கினால் முன்பக்கத் தசைகள் அதை ஏற்றுக்கொள்கின்றன. இது தெரிந்த பிறகு பால் கலனை அடியில் இடது கை கொடுத்துத் தூக்குகிறேன். தோசைக்கல்லை இரு கையாலும் பிடிக்கிறேன். தேக்கா சந்தையில் வாங்கும் காய்கறிப் பைகளை விரல்களில் தொங்கவிடாமல் சக்கர வண்டியில் வைத்து இழுக்கிறேன். தரைத் துணியைப் பிழிவதில்லை, வாளியின் அழுத்தும் வடிகட்டி அதைப் பார்த்துக்கொள்கிறது.

அலுவலகத்தில் என் எதிரி எண் விசைகள். கணக்கு எழுதுபவர்களுக்கு விசைப்பலகையின் வலப்புறம் அவை இருந்தே ஆக வேண்டும். அதனால் மவுஸ் இன்னும் வலப்பக்கம் தள்ளிப்போய், கை நீண்டு, மணிக்கட்டு மேலே தூக்கிய நிலையிலேயே நாள் முழுதும் இருக்கும். சிகிச்சையாளர் நான் அமரும் விதத்தை நடித்துக் காட்டச் சொன்னார், பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். மவுஸை இடது கைக்கு மாற்றினேன். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. மூன்றாம் வாரத்துக்குள் பழகிவிட்டது.

மூங்கில் கழியைத்தான் நீண்ட நேரம் யோசித்தேன். அதை விட்டுவிட மனமில்லை. ஒன்பதாம் மாடி வெயிலும் காற்றும் பட்டுக் காய்ந்த துணியின் வாசம் எந்த இயந்திரத்திலும் வராது. கனமான துணிகளை உள்ளே மடக்குச் சட்டத்தில் உலர்த்துகிறேன். கழிக்குச் சட்டை, உள்ளாடை, பள்ளிச் சீருடை மட்டும். ஒரு கழிக்கு முன்பு போட்டதில் பாதி. சொருகும்போது முன்கை ஒன்று கழிக்குக் கீழே உள்ளங்கை மேலே பார்த்தபடி தாங்கும், மற்றது அடிமுனையைப் பிடிக்கும், இரண்டு முழங்கைகளும் விலாவை ஒட்டியிருக்கும். முன்பு சில நொடிகளில் முடிந்த வேலைக்கு இப்போது கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. பிடிக்கட்டும்.

ஜூலை மாதம் குவளையைத் தூக்க முடிந்தது. செப்டம்பரில் வலி ஏறத்தாழ அடங்கியது. சாவி திருகும்போது இன்னும் எப்போதாவது ஒரு சுருக் வரும். இந்த நோய் பெரும்பாலோருக்கு ஓர் ஆண்டுக்குள் அடங்கிவிடும் என்று மருத்துவர் முதல் நாளே சொல்லியிருந்தார். எனக்குப் பத்து மாதம் ஆனது.

இப்போது அண்ணன்.

என் அண்ணனுக்கு 56 வயது, பாதுகாவல் அதிகாரி, பன்னிரண்டு மணி நேர இரவுப் பணி. 2024 மே மாதம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, தனக்கும் முழங்கை வலிக்கிறது என்றார். நான் என் பட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். “எனக்குக் கேட்டது, உங்களுக்கும் கேட்கும்” என்றேன். அந்தச் சொல்லை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. எங்கே வலிக்கிறது என்று நான் கேட்கவே இல்லை. மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான், நான் அதை என் அண்ணனிடம் கேட்கவில்லை.

அவருக்கு வலி உள்பக்கத்தில், எலும்பு முனைக்கும் முழங்கை நுனிக்கும் நடுவே உள்ள பள்ளத்தில். கதவு நிலையில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்குமே, அந்த இடம். அங்கே ஓடுவது நரம்பு. தோலுக்கு அடியில் பாதுகாப்பே இல்லாமல் ஓடுகிறது. முழங்கையை மடக்கினால் அது இழுபடும், அழுத்தமும் கூடும். அண்ணன் பாதுகாவல் கூடத்தில் மேசையில் முழங்கையை ஊன்றி, கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்தபடி இரவுகளைக் கழித்திருக்கிறார். பகலில் கையை மடக்கித் தலைக்குக் கீழே வைத்துத் தூங்கியிருக்கிறார். ஒரு நாளில் பாதி நேரம் அந்த நரம்பு மடங்கியே இருந்திருக்கிறது.

என் பட்டையை அவர் முழங்கை மடிப்பை ஒட்டி இறுகக் கட்டிக்கொண்டார். சுண்டுவிரல் மரப்பு கூடியது. பட்டை வேலை செய்கிறது என்று நினைத்து இன்னும் இறுக்கினார். ஜூன், ஜூலை, ஆகஸ்ட். சுண்டுவிரலும் மோதிரவிரலின் பாதியும் மரத்துப்போயின. சில்லறை எடுக்க முடியவில்லை, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை.

அக்டோபரில் ஒருநாள் அவர் தேநீர்க் குவளையைப் பிடித்திருந்தபோது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கையில் இருக்கும் சதை வற்றிக் குழி விழுந்திருப்பதைப் பார்த்தேன். மற்றக் கையோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணை அறைந்தது. அடுத்த நாளே அழைத்துக்கொண்டு போனேன். மருத்துவர் அந்தப் பள்ளத்தில் விரல் நுனியால் தட்டினார், சுண்டுவிரலில் சுளீரென்றது. கழுத்தில் கோளாறு இருந்தாலும் கை மரத்துப்போகலாம் என்று கழுத்தையும் அசைத்துப் பார்த்தார். நரம்பில் மின்துடிப்பு எவ்வளவு வேகமாகச் செல்கிறது என்று பார்க்கும் சோதனைக்கு அனுப்பினார்கள். டிசம்பரில் அறுவை சிகிச்சை.

ஆரம்பத்திலேயே போயிருந்தால் முழங்கையை ஊன்றாமல் இருப்பதும், இரவில் கை மடங்காதபடி ஒரு துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு தூங்குவதுமே போதுமாக இருந்திருக்கலாம் என்றார் அறுவை மருத்துவர். லேசான நிலையில் பலருக்கு அதுவே போதுமாம். சதை வற்றத் தொடங்கிவிட்டால் காத்திருக்க நேரம் இல்லை. நசுங்கிய நரம்பு மீண்டு வளர்வது ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். முழங்கையிலிருந்து விரல் வரை உள்ள தூரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

அதற்குப் பிறகு எவராவது முழங்கை வலி என்று சொன்னால் நான் முதலில் இடத்தைக் கேட்கிறேன். வெளி முனையா, உள் முனையா, பின்னால் நுனியா? மரப்பு உண்டா, எந்த விரல்? பரோட்டா வீசும் வேலையில் இருக்கும் எங்கள் உறவுக்காரப் பையனுக்கு வலி உள் எலும்பு முனையில், மரப்பு இல்லை. மாவை அழுத்திப் பிசையும் தசைகள் போய்ச் சேரும் இடம் அது. அதற்குக் கோல்ஃப் முழங்கை என்று பெயர். மணிக்கட்டை உள்நோக்கி மடக்கும் தசைகளுக்கு அவன் பயிற்சி செய்கிறான். என் மாமனாருக்குப் பின்பக்க நுனியில் எலுமிச்சம்பழம் அளவு நீர்ப்பை வீங்கியது. கீழ்த்தளத்தில் கல்மேசையில் முழங்கையை ஊன்றிச் சதுரங்கம் ஆடுபவர் அவர், யூரிக் அமிலத் தொல்லையும் உண்டு. ஊன்றுவதை நிறுத்தியதும் சில வாரங்களில் வற்றிவிட்டது. ஆனால் அந்த வீக்கம் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் இதில் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

கையை ஊன்றி விழுந்த பிறகு முழங்கையை முழுவதும் நீட்ட முடியவில்லை என்றால் எலும்பில் விரிசல் இருக்கலாம், எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். நடக்கும் வயதுக் குழந்தையை மணிக்கட்டைப் பிடித்துச் சட்டென்று தூக்காதீர்கள். ரயில் நிலைய மின்படியில் அவசரத்தில் எத்தனையோ பேர் அப்படி இழுப்பதைப் பார்க்கிறேன். முழங்கையில் முன்கை எலும்பின் தலைப்பகுதி சற்று இடம் பெயர்ந்து, குழந்தை அந்தக் கையையே பயன்படுத்தாமல் தொங்கவிட்டுக்கொள்ளும். மருத்துவர் சில நொடிகளில் சரிசெய்துவிடுவார், வீட்டில் யாரும் முறுக்கிப் பார்க்கக் கூடாது. நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறலோடு கை வலித்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். சிங்கப்பூரில் அவசர மருத்துவ ஊர்தி எண்ணான 995ஐ அழையுங்கள்.

2024 தீபாவளி அக்டோபர் 31இல் வந்தது. ஐந்து கிலோ மாவுதான் பிசைந்தேன், தளர்வாக, வெண்ணெய் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்து. கணவரும் மகளும் மாறி மாறி அச்சைத் திருகினார்கள். நான் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டேன். அண்ணன் நாற்காலியில் அமர்ந்து, முழங்கைக்குக் கீழே ஒரு தலையணையை வைத்துக்கொண்டு, ஆறிய முறுக்குகளை இடது கையால் டப்பாவில் அடுக்கினார்.

அவருக்கு இப்போது சுண்டுவிரலில் உணர்வு ஓரளவு திரும்பியிருக்கிறது, சூடு எது, குளிர் எது என்று தெரிகிறது. சில்லறை எடுக்கிறார். சீருடைச் சட்டையில் மேல் பொத்தானை மட்டும் இன்னும் அண்ணிதான் போட்டுவிடுகிறார்.